ஒலியின் ஏற்ற இறக்கமும் பழைய ரேக் கம்ப்ரசர்களும்

கம்ப்ரசர் என்பது ஒரு வகைப் பெருக்கி. சாதாரணப் பெருக்கி, உள்ளே வரும் ஒலி மெல்லியதானாலும் உரத்ததானாலும் ஒரே மடங்கில் பெருக்கி வெளியே அனுப்பும். கம்ப்ரசர் அப்படிச் செய்யாது. வரும் ஒலி ஒரு குறித்த மட்டத்தைத் தாண்டியதும் தன் பெருக்கத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒலி தணிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். எவ்வளவு குறைக்கிறது, எத்தனை விரைவாகக் குறைக்கிறது, குறைத்ததை எத்தனை நிதானமாகத் திருப்பித் தருகிறது என்ற மூன்றில்தான் ஒரு கம்ப்ரசரின் குணம் இருக்கிறது. 1950களிலிருந்து 1970கள் வரை செய்யப்பட்ட சில கருவிகளை ஒலிக்கூடங்கள் இன்றும் தேடி வாங்குகின்றன. கணினி மென்பொருள்கள் அவற்றின் முகப்பில் உள்ள திருகுகளையும் முள் காட்டும் மீட்டரையும்கூட அப்படியே திரையில் வரைந்து வைத்திருக்கின்றன. அந்த மூன்று விஷயங்களிலும் அவை நடந்துகொள்ளும் விதமே அதற்குக் காரணம்.

இப்படி ஒரு கருவி ஏன் தேவைப்பட்டது? மனிதக் காது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கும், வலி உண்டாக்கும் ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 120 டெசிபல் தூரம் இருக்கிறது. ஒலியைப் பதிந்து வைக்கும் ஊடகங்களுக்கு அத்தனை இடம் இல்லை. பழைய ஷெல்லாக் இசைத்தட்டில் சுமார் 40 டெசிபல்தான் கிடைத்தது. காந்த நாடா வந்தபின் அது 60 வரை உயர்ந்தது. மேல் எல்லையைத் தாண்டிய ஒலி உடைந்து கரகரக்கும்; கீழ் எல்லைக்குக் கீழே போனது இரைச்சலில் மூழ்கிவிடும். கோயில் வாசலில் நின்று கேட்கும் செண்டை மேளமும், அதே கோயிலின் சோபானத்தில் இடக்கை என்ற வாத்தியத்தோடு ஒற்றைக் குரலில் எழும் பாட்டும் ஒரே தட்டுக்குள் அடங்க வேண்டுமானால், யாராவது நடுவில் நின்று ஒன்றைத் தணித்து மற்றொன்றை உயர்த்தியாக வேண்டும்.

இந்தச் சிக்கலை முதலில் முழு அளவில் சந்தித்தது வானொலி. திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்தை அடுத்த குளத்தூரில் நிற்கும் ஆகாசவாணியின் நடுத்தர அலை ஒலிபரப்பு நிலையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திருவிதாங்கூர் அரசு 1943இல் தொடங்கிய வானொலி, 1950 ஏப்ரல் 1 அன்று அகில இந்திய வானொலியோடு இணைந்தது. நடுத்தர அலை ஒலிபரப்பில், பாட்டோ பேச்சோ சுமப்பு அலையின் வீச்சைக் கூட்டியும் குறைத்தும் பயணம் செய்கிறது. அந்தக் கூட்டல் குறைத்தல் நூறு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சுமப்பு அலை நொடிக்கு நொடி அறுபடும். பக்கத்து அலைவரிசைகளில் இருக்கும் நிலையங்கள் மேல் இரைச்சல் தெறிக்கும். பயந்துபோய் ஒலியை மிகவும் தாழ்த்தி அனுப்பினாலோ, மலைக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருப்பவருக்குச் செய்தியைவிடக் கரகரப்பே அதிகமாகக் கேட்கும். எனவே சராசரி ஒலி உயரத்திலும் இருக்க வேண்டும், உச்சம் எல்லையைத் தொடாமலும் இருக்க வேண்டும். ஸ்டூடியோவிலிருந்து வரும் கம்பிக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவே ஒரு லிமிட்டர் நிற்பது உலகெங்கும் வழக்கமானது இதனால்தான்.

அந்தக் கருவி வருவதற்கு முன் அந்த வேலையைக் கை செய்தது. பொறியாளர் ஒருவர் மீட்டரின் முள்ளைப் பார்த்தபடி திருகின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாட்டுத் தெரிந்தவராக இருந்தால் மேல் ஸ்தாயி வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து ஒலியை மெல்லத் தாழ்த்துவார். நல்ல கை செய்த அந்த வேலையை எந்தக் கருவியும் இன்றுவரை முழுமையாக எட்டவில்லை. ஆனால் எதிர்பாராமல் எழும் ஓசைக்குக் கை உதவாது. கண் பார்த்து விரல் அசைவதற்குள் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தாளக் கருவியின் அடி அதற்குள் எழுந்து ஓய்ந்திருக்கும். மீட்டரும் உதவாது. 1939இல் அமெரிக்க வானொலிகளும் தொலைபேசி ஆய்வுக்கூடமும் சேர்ந்து வகுத்த வி.யு. மீட்டரின் முள், முழு அளவை எட்டச் சுமார் 300 மில்லி வினாடி எடுத்துக்கொள்ளும். காதுக்குப் பொருத்தமான சராசரியை அது காட்டும். கணநேர உச்சத்தைக் காட்டாது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1937இல் வானொலி நிலையங்களுக்காக வெளியிட்ட 110ஏ என்ற கருவி, இந்த வேலையைத் தானாகச் செய்த தொடக்கக் கருவிகளில் ஒன்று.

திரைப்படத்துக்கும் இதே நெருக்கடி இருந்தது. பேசும் படங்களின் ஒலி பல பத்தாண்டுகள் படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகவே பதியப்பட்டது. கோட்டின் அகலத்துக்கு எல்லை உண்டு. அதன் அடியில் சுருளின் துகள் இரைச்சலும் உண்டு. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' 1938இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் உருவானது. அந்தக் காலத்துப் படங்களில் நடிகர்கள் ஒரே உயரத்தில் கணீரென்று பேசியதற்கு நாடக மேடைப் பழக்கம் ஒரு காரணம். மெல்லிய பேச்சைத் தாங்க ஒளிக்கோட்டில் இடமில்லாதது இன்னொரு காரணம்.

இனிக் கருவியின் உள்வேலை. நான்கு சொற்கள் தெரிந்தால் போதும்: த்ரெஷோல்டு, ரேஷியோ, அட்டாக், ரிலீஸ். எந்த மட்டத்தில் கருவி விழித்துக்கொள்ள வேண்டும் என்பது த்ரெஷோல்டு. ரேஷியோ, தாண்டிய பகுதியில் எவ்வளவை விட வேண்டும் என்பதைச் சொல்கிறது. ரேஷியோ நான்குக்கு ஒன்று என்றால், த்ரெஷோல்டுக்கு மேல் 8 டெசிபல் எழும் ஒலி 2 டெசிபல் மட்டுமே எழும். மீதி 6 டெசிபல் தணிக்கப்படும். பத்துக்கு ஒன்றும் அதற்கு மேலும் போனால் அந்தக் கருவியை லிமிட்டர் என்றே அழைப்பது வழக்கம். எல்லை தாண்டியபின் தணிப்பு முழுமையடைய எடுக்கும் நேரம் அட்டாக். ஒலி இறங்கியபின் விட்டுக்கொடுக்க எடுக்கும் நேரம் ரிலீஸ்.

கம்ப்ரசர் சத்தத்தைக் குறைக்கும் கருவி என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். ஆனால் உச்சங்களைத் தணித்தபின் முழு ஒலியையும் கொஞ்சம் உயர்த்தி வைப்பதுதான் நடைமுறை. அதனால் கேட்பவர் உணர்வது வேறு: மெல்லிய ஒலிகள் முன்னால் வந்து நிற்கின்றன. சொல்லின் கடைசி எழுத்து, மூச்சு, கமகத்தின் தேயும் நுனி எல்லாம் தெளிவாகக் கேட்கும். கூடவே மின்விசிறியின் ஓசையும், சாத்தாத ஜன்னல் வழியே வரும் காக்கைக் குரலும் கேட்கும். பதிவறை அமைதியாக இல்லாத இடத்தில் எத்தனை விலையுயர்ந்த கம்ப்ரசரும் தொல்லைதான்.

ரேக் என்பது இந்தக் கருவிகள் குடியிருக்கும் இரும்புச் சட்டம். முகப்புத் தகடு 19 அங்குல அகலம், அதாவது 482.6 மில்லிமீட்டர், உயரம் 1.75 அங்குலத்தின் மடங்குகளில் இருக்கும், ஒரு மடங்குக்கு 1யு என்று பெயர். தொலைபேசி நிலையங்களுக்காகச் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த அளவு இது. வானொலிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், ஒலிக்கூடங்கள் வானொலியிடமிருந்து பெற்றன. இன்று கழக்கூட்டத்து டெக்னோபார்க்கின் கணினி சர்வர்கள் அடுக்கப்பட்டிருப்பதும் அதே 19 அங்குலச் சட்டத்தில்தான். 1960இல் செய்த கம்ப்ரசர் ஒன்றை அங்கே கொண்டுபோய்த் திருகினால் பொருந்திவிடும்.

பழைய கம்ப்ரசர்களை வகை பிரிப்பது, பெருக்கத்தைக் குறைக்கும் உறுப்பு எது என்பதைக் கொண்டு. முதல் வகையில் அந்த உறுப்பு வால்வு. கிரிடு என்ற கட்டுப்பாட்டு வலைக்குக் கொடுக்கும் எதிர்மின்னழுத்தம் கூடக்கூட, பெருக்கம் படிப்படியாகக் குறையும்படி செய்யப்பட்ட சில வால்வுகள் உண்டு. வரும் ஒலியிலிருந்தே ஓர் எதிர்மின்னழுத்தத்தை எடுத்து, அதைக் கிரிடுக்குத் திருப்பி அனுப்பினால் ஒலி தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். எந்த இடத்திலும் திடீர் வெட்டு இருக்காது. ஒலி உயர உயர ரேஷியோவும் கூடும். இந்த வகைக் கருவிகளின் மென்மைக்கு அடிப்படை இதுவே.

இந்த வகையின் உச்சம் ஃபேர்சைல்டு 670. எஸ்தோனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ரெய்ன் நார்மா வடிவமைத்த இந்தக் கருவி 1959இல் வந்தது. இருபது வால்வுகள், பதினொரு டிரான்ஸ்பார்மர்கள், ஏறத்தாழ 29 கிலோ எடை. ரேக்கில் 8யு இடத்தை அது ஒன்றே அடைத்துக்கொள்ளும். இத்தனை கனத்துக்குக் காரணம் உண்டு. ஸ்டீரியோ இசைத்தட்டு அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. தட்டை வெட்டும் ஊசி பக்கவாட்டில் அதிகம் நகர்ந்தால் அடுத்த பள்ளத்தில் இடித்துவிடும். மேலும் கீழும் அதிகம் நகர்ந்தால் பள்ளமே அற்றுப்போகும். எனவே இரண்டு அசைவுகளையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் வசதி இதில் வைக்கப்பட்டது. ஊசியைக் காக்க வேகம் வேண்டும்: அட்டாக் நேரம் ஒரு வினாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. வால்வுகளின் கிரிடுக்கு அத்தனை விரைவில் மின்னழுத்தம் ஏற்றச் சிறிய சுற்று போதாது. ஒரு சக்திவாய்ந்த பெருக்கியையே அதற்கென உள்ளே வைத்திருந்தார்கள். ரிலீஸ் 0.3 வினாடியிலிருந்து தொடங்கி ஆறு நிலைகளில் அமையும். கடைசி இரண்டு நிலைகள், வந்தது கணநேர அடியா நீண்ட உரத்த இசையா என்று பார்த்துத் தாமே நேரத்தை மாற்றிக்கொள்ளும்.

இசைத்தட்டைக் காக்கச் செய்த கருவி பாட்டின் நிறத்தை மாற்றும் கருவியானது லண்டன் அபே ரோடு ஒலிக்கூடத்தில். பீட்டில்ஸ் குழுவின் 1966ஆம் ஆண்டு 'ரிவால்வர்' தொகுப்பின் பதிவில் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக், டிரம்ஸின் ஒலியை ஃபேர்சைல்டின் ஒற்றைத்தட வடிவமான 660 வழியாக வேண்டுமென்றே அழுத்தி அனுப்பினார். அடிகளுக்கு இடையே அறையின் எதிரொலி வீங்கி எழுந்தது. பொறியியல் கணக்குப்படி அது பிழை. இசைக்கு அது புதிய குரல். அதே கூடத்தில் ஆல்டெக் நிறுவனத்தின் 436 கம்ப்ரசர்களை வாங்கிப் பிரித்து, தங்கள் தேவைக்கு மாற்றியமைத்து, ஆர்.எஸ்.124 என்று புதுப்பெயரிட்டு வைத்திருந்தார்கள். கருவியை வாங்கியவர்கள் மூடியைக் கழற்றத் துணிந்த காலம் அது. பழைய கருவிகளில் இன்று மதிக்கப்படுவதில் பாதி, அந்தத் துணிவின் விளைவு.

இரண்டாவது வகை ஒளியை நம்பியது. இதில் டெலிட்ரானிக்ஸ் எல்.ஏ.2ஏ என்ற ஒரு கருவியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசுவது தகும். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பாசடேனாவில் ஜிம் லாரன்ஸ் இதை உருவாக்கினார். வானொலிப் பொறியாளராகத் திருகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் அவருக்கு உண்டு. டைட்டன் ஏவுகணைத் திட்டத்துக்காக ஒளி உணரிகளில் வேலை செய்த அனுபவமும் உண்டு. இரண்டும் ஒரு பெட்டிக்குள் சேர்ந்தன. கழக்கூட்டத்துக்கு அருகே தும்பாவில் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் 1963இல் ஏவப்பட்டதும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில். விண்வெளித் துறைக்காகக் கற்ற மின்னணுவியல் பாட்டுப் பதிவுக்கு வந்து சேர்ந்த வழிகளில் லாரன்ஸின் கருவி ஒன்று.

அதன் இதயம் டி4 என்ற சிறிய உலோகக் குப்பி. உள்ளே மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் ஒரு தகடும், அதன் எதிரே ஒளி பட்டால் மின்தடை குறையும் காட்மியம் சல்பைடு உணரியும் இருக்கும். வெளியிலிருந்து ஒளி புகாது. பாட்டின் மின் சமிக்ஞை உயர்ந்தால் தகடு பிரகாசிக்கும். உணரியின் தடை இறங்கும். சமிக்ஞையின் ஒரு பகுதி பெருக்கிக்குப் போகாமல் தரைக்கு வடிந்துவிடும். பாட்டு தணிந்தால் தகடு மங்கும். ஆனால் உணரி உடனே பழைய நிலைக்கு வராது. பாதித் தணிப்பை 60 மில்லி வினாடியில் விட்டுக்கொடுக்கும். மீதியை விடச் சில வினாடிகள் எடுத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் எத்தனை ஒளியில் இருந்ததோ அதற்கேற்ப இந்தத் தாமதமும் நீளும். சற்று முன் நடந்ததை அந்தப் பொருள் நினைவில் வைத்திருக்கிறது என்றே சொல்லலாம். அட்டாக் சராசரியாக 10 மில்லி வினாடி. அதனால் மெய்யெழுத்தின் தொடக்கம் நசுங்காமல் தப்பிவிடும். இந்த எண்கள் எவையும் திருகுகளால் வருவதில்லை. முகப்பில் முக்கியமான திருகுகள் இரண்டே: எவ்வளவு தணிக்க, எவ்வளவு உயர்த்த. மற்றதை வேதிப்பொருள் பார்த்துக்கொள்கிறது. பாடகரின் குரலுக்கு இதற்கு இணையான கருவி இன்னும் வரவில்லை என்று பல ஒலிப்பதிவாளர்கள் சொல்வதில் மிகை குறைவு.

மூன்றாவது வகையில் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. ஒலிப் பொறியாளர் பில் புட்னம் 1967இல் கொண்டுவந்த 1176 என்ற கருவி, புலவிளைவு டிரான்சிஸ்டரை மின்னழுத்தத்தால் மாறும் தடையாகப் பயன்படுத்தியது. அட்டாக் 20 முதல் 800 மைக்ரோ வினாடி. ரிலீஸ் 50 மில்லி வினாடியிலிருந்து 1.1 வினாடி வரை. இருபது மைக்ரோ வினாடி என்பது ஒரு வினாடியின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. காது கேட்கும் மிக உயர்ந்த சுருதியின் ஓர் அலைகூட அதற்குள் முடிவதில்லை. த்ரெஷோல்டுக்குத் தனித் திருகு கிடையாது. உள்ளே வரும் ஒலியை உயர்த்தினால் தணிப்பும் கூடும். புதியவர்களைத் தடுமாறச் செய்யும் ஒரு விஷயம்: அட்டாக் திருகை வலப்பக்கம் முழுதாகத் திருப்பினால்தான் வேகம் அதிகம். ரேஷியோவுக்கு 4, 8, 12, 20 என்று நான்கு பொத்தான்கள். நான்கையும் சேர்த்து அமுக்கினால் கருவி அதன் கணக்குகளை மீறி நடக்கும். டிரம்ஸுக்கு அதை விரும்பிச் செய்பவர்கள் ஏராளம். டெலிட்ரானிக்ஸ் நிறுவனமும் 1967இல் புட்னமின் கைக்கே வந்தது. அதனால் குணத்தில் எதிரெதிரான இந்த இரண்டு கருவிகளும் ஒரே கூரைக்கு வந்தன. பல கூடங்களில் ஒரே குரலுக்கு முதலில் 1176, பிறகு எல்.ஏ.2ஏ என்று அடுத்தடுத்து வைக்கிறார்கள். முன்னது திடீர் உச்சத்தைப் பிடிக்கும், பின்னது வரியை நிதானப்படுத்தும். இரண்டுக்கும் சிறிதளவே வேலை கொடுத்தால் கருவி இருப்பதே தெரியாது.

டையோடு பாலத்தைக் கொண்டு தணிக்கும் இங்கிலாந்தின் நீவ் 2254, மின்னழுத்தத்தால் கட்டுப்படும் பெருக்கியைக் கொண்ட அமெரிக்காவின் டி.பி.எக்ஸ். 160 ஆகியவை அடுத்து வந்தவை. டி.பி.எக்ஸ். கருவி உச்சத்தை விட்டு ஒலியின் சராசரி ஆற்றலை அளந்து செயல்பட்டது. கட்டுப்பாடு துல்லியமானது, விலை இறங்கியது, பெட்டி சிறிதானது. அதன்பின் கம்ப்ரசர்கள் எண்ணிக்கையில் பெருகின; தனிக்குணம் கொண்டவை குறைந்தன.

இந்தக் கருவிகள் எல்லாம் வேறொரு இசைக்காகச் செய்யப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. நம் இசையில் அவற்றை வைக்கும்போது எழும் சிக்கல்களைக் கையேடுகள் சொல்வதில்லை. முதலாவது தம்பூரா. மேற்கத்திய மெட்டில் வரிகளுக்கு நடுவே மௌனம் உண்டு. கம்ப்ரசர் அங்கே ரிலீஸ் ஆனால் யாரும் கவனிப்பதில்லை. கர்நாடக இசையில் மௌனமே இல்லை, சுருதி ஓடிக்கொண்டே இருக்கிறது. குரலையும் தம்பூராவையும் கலந்தபின் கம்ப்ரசருக்குள் அனுப்பினால், பாடகர் மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது தம்பூரா அமுங்கும். மூச்சு விடும் இடத்தில் அது வீங்கி எழும். ஒவ்வொரு சங்கதிக்கும் சுருதி மேலும் கீழும் போய்வந்தால் கேட்பவருக்கு மயக்கம் வரும். எனவே குரலைத் தனியே கட்டுப்படுத்திவிட்டு, தம்பூராவைத் தொடாமல் பிறகு சேர்ப்பதே முறை.

இரண்டாவது, மிருதங்கத்தின் தொப்பி. தாழ்ந்த சுருதியில்தான் ஆற்றல் அதிகம். கம்ப்ரசரில் ஒலியை அளக்கும் பகுதியான அளவி ஆற்றலைப் பார்க்கிறது, இசையைப் பார்ப்பதில்லை. குரலும் மிருதங்கமும் ஒரே தடத்தில் இருந்தால், ஒவ்வொரு தொப்பி அடிக்கும் குரல் ஓர் அடி பின்னால் போகும். தாளத்தின் இசைவு கெட்டது போலத் தோன்றும். காரணம் வாசித்தவரிடம் இல்லை. அளவிக்குப் போகும் வழியில் மட்டும் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துவிட்டால் இது தீரும். எல்.ஏ.2ஏவில், எஃப்.எம். ஒலிபரப்புக்காக வைத்த, ஸ்குரூ டிரைவரால் திருகும் ஒரு சிறு அமைப்பு இதே வேலைக்கு உதவும். உயர்ந்த ஒலிகளுக்கு அளவியை அதிகம் கூர்மையாக்குவது அதன் நோக்கம்.

மூன்றாவது செண்டை. கோல் தோலில் படும் முதல் சில மில்லி வினாடியில்தான் செண்டையின் அடையாளம் இருக்கிறது. 1176இன் முழு வேகத்தில் அந்த நுனி வெட்டுப்பட்டால் மீதி இருப்பது ஏதோ ஒரு தோல்கருவியின் ஓசை. அட்டாக்கை மெதுவாக்கி நுனியைத் தப்பவிட்டு, பின்வரும் அதிர்வை மட்டும் பிடித்தால் அடி முன்னைவிடக் கூராகக் கேட்கும். பஞ்சாரி மேளத்தில் பல செண்டைகள் சேர்ந்து காலம் ஏறும்போது, ரிலீஸ் நேரம் அடிகளின் இடைவெளியைவிட நீண்டால் கம்ப்ரசர் ஒருமுறை அமுக்கிய பிடியை விடவே விடாது. மேளம் உச்சம் ஏறும்போது பதிவு அங்கேயே நின்றுவிடும். பதிகாலம் என்ற மெதுவான நடையில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதுதான் மேளத்தின் உயிர். அதைச் சமன்செய்யும் கம்ப்ரசர் எத்தனை அரியதானாலும் அங்கே தேவையில்லை.

குரலுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். வல்லினம் மெல்லினம் பார்த்துப் பாடுவது பாடகர் ஆண்டுக்கணக்கில் பழகிச் சேர்த்த கலை. எட்டுக்கு ஒன்று என்ற ரேஷியோவில் பத்து டெசிபல் தணித்தால் அந்த உழைப்பு ஒரு பொத்தானில் கரைந்துபோகும். திரைப்பாட்டுக்கு, அதுவும் முப்பது கருவிகளுக்கு நடுவே வரி புரிய வேண்டிய இடத்துக்கு அது சரி. ஆலாபனைக்கு அது தீங்கு. ஓடும் காரிலும் செல்பேசியிலும் கேட்கிறார்கள் என்ற காரணம் காட்டி ஆலாபனையையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அது நல்ல ஒலிப்பதிவு அல்ல.

கம்ப்ரசரைக் கையாளும் விதத்துக்குக் கேரளத்தின் ஒலிக்கூட வரலாற்றில் ஒரு பின்னணி உண்டு. மெரிலாண்டு ஸ்டூடியோ 1951இலேயே நேமத்தில் வந்துவிட்டது. ஆயினும் நீண்ட காலம் மலையாளப் பாடல்களில் பெரும்பகுதி சென்னையில், ஏவி.எம்., பரணி, பிரசாத் போன்ற கூடங்களில்தான் பதிவானது. அங்கே பாடகர் சிற்றறையிலும் வாத்தியக் குழு கூடத்திலும் இருந்து ஒரே நேரத்தில் இசைக்க, எல்லாம் கலந்து அப்போதே நாடாவில் விழும். கம்ப்ரசரை எங்கே வைப்பது, எவ்வளவு தணிப்பது என்பதை அந்தக் கணத்திலேயே முடிவு செய்ய வேண்டும். பிறகு திருத்த வழியில்லை. ஒலிப்பதிவாளர் பாட்டைத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கட்டாயம் அதனால் வந்தது. 1980இல் திருவல்லத்தில் சித்ராஞ்சலி ஸ்டூடியோவும், அதே ஆண்டு திருவனந்தபுரத்தில் கே.ஜே. யேசுதாஸின் தரங்கிணியும் தொடங்கியபின் பதிவு ஊர் திரும்பியது. பல தட நாடா வந்து, பிறகு கணினி வந்து, முடிவுகளைத் தள்ளிப்போடும் வசதி கிடைத்தது. கழக்கூட்டத்தில் கின்ஃப்ரா திரைப்பட வீடியோ பூங்கா எழுந்தது கணினி யுகத்தில். 24 பிட் பதிவில் கணக்குப்படி 144 டெசிபல் இடம் இருக்கிறது. காதின் எல்லையைவிட அதிகம். ஊசியும் ஒளிக்கோடும் நாடாவும் விதித்த எல்லைகள் போய்விட்டன. அந்த எல்லைகளுக்காகப் பிறந்த கருவிகள் மட்டும் தங்கள் குரலுக்காக நிற்கின்றன.

பழைய கருவியை வாங்க நினைப்பவர் கேரளத்தின் கடற்கரையைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஈரமும் உப்புக்காற்றும் தொடுமுனைகளைக் கறுக்கச் செய்யும். சில மாதம் மின்சாரம் கொடுக்காமல் வைத்தால் திருகுகள் கரகரக்கும். மின்பகு கெபாசிட்டர்கள் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் காலப்போக்கில் காய்ந்துபோகும். ஐம்பது ஆண்டுப் பழைய பெட்டியில் அவற்றை மாற்றாமல் மின்சாரம் கொடுப்பது தவறு. அமெரிக்கக் கருவிகள் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டவை. நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் மின்னழுத்தத்தை இறக்கும் டிரான்ஸ்பார்மர் போட்டாலும் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் கூடுதலாகச் சூடாகும். சதுர அலை தரும் வீட்டு இன்வெர்ட்டரில் இவற்றை ஓட்டினால் ஹம் ஒலி பதிவில் ஏறும். துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவ இடிமழைக் காலத்தில் சரியான நில இணைப்பும் மின்னல் காப்பும் இல்லாத ரேக் ஆபத்தானது. வால்வுக் கருவிகளுக்குள் இருநூறு வோல்டுக்கு மேல் ஓடுகிறது. சுவிட்சை அணைத்தபின்னும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் மூடியைத் திறக்கவே கூடாது.

உதிரிப் பொருள்களும் எளிதல்ல. ஃபேர்சைல்டு 670இல் தணிப்பு வேலை செய்யும் 6386 வால்வின் பழைய இருப்பு மிக அரிது. டி4 குப்பியின் ஒளித்தகடு வயதாக ஆக மங்கும். மங்கினால் கருவி சோம்பிப்போகும், பழைய எல்.ஏ.2ஏ இரண்டு ஒன்றுபோல் நடக்காததற்கு இதுவே முக்கியக் காரணம். காட்மியம் கலந்த பொருள்களுக்கு ஐரோப்பியச் சட்டம் தடை விதித்திருப்பதால் புதிய உணரிகளும் எளிதில் கிடைப்பதில்லை. பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இல்லாதபோது பழைய கருவியை வாங்குவது வீண்செலவு. மீட்டெடுத்துச் செய்யப்படும் புதிய பதிப்புகளோ நல்ல மென்பொருளோ போதும்; காதும் பழக்கமும் இருப்பவர் அவற்றிலேயே நல்ல வேலை செய்வார்.

அதைவிடச் சிறந்த வழி ஒன்று இருக்கிறது. எல்.ஏ.2ஏவின் மின்சுற்றில் நான்கு வால்வுகள், சில டிரான்ஸ்பார்மர்கள், ஒரு டி4 குப்பி, அவ்வளவுதான். 1176இன் சுற்றுப்படமும் பல ஆண்டுகளாக வெளியில் கிடைக்கிறது. உலகெங்கும் ஆர்வலர்கள் இவற்றைத் தாங்களே கட்டிப் பயன்படுத்துகிறார்கள். கழக்கூட்டத்திலிருந்து ஸ்ரீகாரியத்துக்குப் போகும் வழியில் 1939இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இருக்கிறது; சுற்றிலும் மின்னணுவியல் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் மாணவர்கள் ஒரு கம்ப்ரசரைக் கட்டி, ஒரு பாடகரையும் ஒரு செண்டைக்காரரையும் அழைத்து அதன் வழியே பதிந்து பார்க்க வேண்டும். வானொலி நிலையங்களும் பழைய படக்கூடங்களும் தங்கள் ரேக்குகளைக் கழற்றி ஏலத்துக்கு அனுப்பும் முன், அவற்றின் சுற்றுப்படங்களையும் பராமரிப்புப் பதிவேடுகளையும் அந்த மாணவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.